பின்கதவைச் சாத்தாத தாதி



"நல்லது செய்யணும்னா கையிலே நாலு காசு இருக்கணும். நம்ம கையிலே என்ன இருக்கு? நாம யாருக்கு என்னத்தைச் செஞ்சிட முடியும்?" தோட்டந்தோட்டமாகப் போய் வரும்போதெல்லாம் நம் காதில் விழுகிற பேச்சு இது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சொல்வார்கள். சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பல இடத்தில் ஏமாந்து, பல வாசலில் காத்துக்கிடந்து களைத்துப் போனவர்கள். அன்பு, இரக்கம், உதவி என்பதெல்லாம் வசதியுள்ளவன் செய்கிற காரியம், நாம் கை நீட்டி வாங்கிக்கொள்கிற கூட்டம் என்று அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

இந்த எண்ணம் சரிதானா என்று இந்த வாரம் கொஞ்சம் சிந்தித்துப் பார்ப்போம். அதற்கு நாம் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய பேராக் மாநிலத்திலேயே, ஈப்போவிலும் அதன் பக்கத்தில் உள்ள பாப்பான் என்ற சிற்றூரிலும் வாழ்ந்த ஒரு தாதியின் கதை நமக்குப் போதும். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. கிறிஸ்தவப் பெண்மணி. நம்மில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு, இரண்டுக்கும் போகாதவர்களும் உண்டு. எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

யார் இந்த அம்மையார்?

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி, சுமத்ராவில் உள்ள மேடான் நகரில் பிறந்தார். அதனால்தான் அவர் பெயரோடு மேடான் என்ற ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது. அப்பா அயர்லாந்து வழிவந்த யுரேசியர், தோட்ட முதலாளி வர்க்கத்தைச் சேர்ந்தவர். அம்மா பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், மருத்துவச்சி. அப்பாவின் தொழிலைவிட அம்மாவின் தொழிலே மகளைப் பிடித்துக்கொண்டது. சிபிலும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கேண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார்.

அவர் மணந்துகொண்டது நம்மவர் ஒருவரை. தைப்பிங்கில் 1892ல் பிறந்த ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்ற மருத்துவர். பிள்ளை வீட்டார் இந்துக்கள், பெண் வீட்டார் கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் இது லேசான காரியமா? பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் தடை சொன்னார்கள். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் சம்மதிக்க, விஷயம் சுமுகமாக முடிந்தது. 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயிண்ட் ஜான் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு என்று பெயர் பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. மைக்கல் என்று பெயரிட்டார்கள். பிறந்து 19 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துக்கத்தில் சிபிலின் அம்மா ஒரு வழி சொன்னார். ஒரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கொள் என்றார். வில்லியம் என்ற ஆண் பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு ஓல்கா, டோன் என்ற இரு பெண் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

தன் தொட்டில் காலியானபோது, இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு அந்தத் தொட்டிலைக் கொடுத்தார் சிபில். பின்னாளில் நடந்ததற்கெல்லாம் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

141ஆம் எண் மருந்தகம்

1926ஆம் ஆண்டு முதல் ஈப்போவின் பிரூஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அந்தச் சாலைக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர். டாக்டரைச் சீனர்கள் தங்கள் மொழியிலேயே ஒரு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஓர் ஊர் ஒரு மனிதனுக்குத் தன் மொழியில் பெயர் வைக்கிறதென்றால் என்ன அர்த்தம்? அவனைத் தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டது என்றுதானே அர்த்தம்!

பதினைந்து ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, கர்ப்பிணிக்குப் பிரசவம். பத்திரிகையில் படம் வருகிற வேலையல்ல. இன்று போட்ட கட்டை நாளை அவிழ்க்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி போட வேண்டும். சீழைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. அழுகிற பிள்ளையை அதட்டக் கூடாது.

நமக்கு இது தெரியாததா? தோட்டத்து ஆஸ்பத்திரியில் வரிசை பிடித்து நின்றவர்கள்தானே நாம். அந்த நாளில் டிரெஸர்கள் இரண்டு விதமாக இருந்தார்கள். ஒருவர் நம்மை ஏறிட்டும் பார்க்க மாட்டார். கையில் மாத்திரையைப் போட்டு, "போ, பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். இன்னொருவர் "என்னம்மா, ராத்திரி தூங்கினியா? பிள்ளைக்குச் சளி குறைஞ்சுதா?" என்று கேட்பார். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே மாத்திரைதான். ஆனால் இரண்டாவது ஆளிடம் வாங்கிய மாத்திரையில் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். தோட்டமே அழிந்து, லயமும் இடிந்து, செம்பனை நட்ட பிறகும், பெரியவர்கள் கூடிப் பேசும்போது அந்த நல்ல டிரெஸரின் பெயர் வருகிறது.

கேட்ட ஒரு வார்த்தைக்குத்தான் அந்த ஆயுள். அதற்கு என்ன செலவானது?

யுத்தம் வந்தது

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்குக் குடிபோயிருந்தது. பாப்பான் என்றால் மலாயில் பலகை. ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த சின்ன ஊர். பூசிங், பத்து காஜா பக்கம் போகிறவர்களுக்கு அந்த வழி தெரியும். அங்கே மெயின் வீதியில் 74ஆம் எண் கடை வீட்டில் அவர்கள் தங்கினார்கள்.

அந்த மூன்றரை ஆண்டுகள் நம் பாட்டன் பாட்டிமார்கள் பட்டதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறோம். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. துணி கிடையாது, மருந்து கிடையாது. தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தத் தண்டவாளத்தின் கீழே மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் கிடக்கிறார்கள். போனவன் வந்தானா, வரவில்லையா என்று தெரியாமலேயே தாலியைக் கழற்றாமல் காத்திருந்து செத்துப்போன கிழவிகளை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே புத்திமதிதான். "நமக்கெதுக்கு வம்பு? கதவைச் சாத்து, விளக்கை அணை." இதைச் சொன்னவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம் அது.

74ஆம் எண் வீட்டில் மட்டும் பின்கதவு திறந்திருந்தது.

பின்கதவு வழியாக வந்தவர்கள்

ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்து போரிட்டவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அவர்களில் பெரும்பாலோர் சீன இளைஞர்கள். மலேரியாக் காய்ச்சலோடும், புரையோடிய புண்ணோடும், உடம்பில் பாய்ந்த குண்டோடும் அவர்கள் ராத்திரியில் பாப்பானுக்கு இறங்கி வந்தார்கள். சிபில் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். மருந்து கொடுத்தார். உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, மறைத்து வைத்த வானொலிப் பெட்டியில் லண்டன் செய்தி கேட்டு, மற்றவர்களுக்கும் சொன்னார். வானொலி கேட்டதற்கே தலை போகிற காலம் அது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். யுத்தம் வந்ததும் இந்த அம்மையார் திடீரென்று வீராங்கனை ஆகிவிடவில்லை. பாப்பானில் அவர் செய்தது என்ன? ஈப்போவில் பதினைந்து ஆண்டுகள் செய்த அதே வேலைதான். புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். வந்தவன் எந்த இனம், எந்தக் கட்சி, காசு வைத்திருக்கிறானா என்று முன்பும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. உலகம்தான் மாறியது. நேற்றுவரை நல்ல காரியமாக இருந்தது இன்றைக்குக் குற்றம் என்று சட்டம் போட்டார்கள். சிபில் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்த மறுத்தார். அவ்வளவுதான்.

இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம் என்று சொன்னால் மிகையாகாது. ஆபத்து வந்த அன்றைக்கு அன்பு வானத்திலிருந்து குதிப்பதில்லை. தினம் தினம் செய்து கைக்குப் பழகிய அன்புதான் ஆபத்திலும் கைகொடுக்கிறது. பால் வெட்டுகிறவருக்கு இது புரியும். இருட்டு விலகாத நேரத்திலும் கத்தி பட்டையில் சரியான ஆழத்தில் போகிறதே, எப்படி? கண்ணா பார்த்து வெட்டுகிறது? பழகிய கை வெட்டுகிறது.

பிடிபட்டார்கள்

1943ல் ரகசியம் வெளியாகிவிட்டது. ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் டாக்டரையும் சிபிலையும் பிடித்துக்கொண்டது. மகன் வில்லியமும் தப்பவில்லை. சிபில் மீது மூன்று குற்றச்சாட்டுகள். எதிரிக்கு உளவு பார்த்தார், காட்டில் இருந்தவர்களுக்கு வைத்தியமும் உதவியும் செய்தார், வானொலி வைத்திருந்து எதிரியின் செய்தியைப் பரப்பினார்.

அவருக்குச் செய்த கொடுமைகளை எல்லாம் இங்கே எழுத மனம் வரவில்லை. பிள்ளைகளும் படிக்கிற பக்கம் இது. அடித்தார்கள், சுட்டார்கள், விரல் நகத்தைப் பிடுங்கினார்கள், வயிறு முட்டத் தண்ணீரைப் புகட்டி மிதித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். யார் யாருக்கு மருந்து கொடுத்தாய், பெயரைச் சொல் என்பதுதான் கேள்வி. அவர் சொல்லவில்லை.

கடைசியில் கடைக்குட்டி டோனைக் கொண்டுவந்தார்கள். 1936 செப்டம்பரில் பிறந்த குழந்தை. அந்தச் சிறுமியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். தாயைக் கண்ணெதிரே கட்டிவைத்து அடித்தார்கள். அப்போதும் சிபில் வாய் திறக்கவில்லை. குழந்தையின் உயிர் எப்படியோ தப்பியது. தாயைப் பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945ல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் வெளியே வந்தார். அப்போது அவரால் எழுந்து நடக்கவும் முடியாது.

இந்த இடத்தில் நம் தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். "ஊரான் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை நெருப்பிலே தொங்கவிடலாமா? இது என்ன அன்பு?"

இந்தக் கேள்விக்கு லேசாகப் பதில் சொல்லிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்க்காதவர் யாரும் பதில் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் யோசிப்போம். மரத்தில் கட்டியது தாய் அல்ல, நெருப்பு வைத்தது தாய் அல்ல. அந்தப் பாவம் அவர்களுடையது. சிபில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பெயருக்குரியவன் வீட்டிலும் ஒரு டோன் இருந்திருப்பாள். ஒரு பெயரோடு கெம்பெய்தாய் விட்டிருக்குமா? ஊரே போயிருக்கும். தன் பிள்ளை உசத்தி, அடுத்த வீட்டுப் பிள்ளை மட்டம் என்று நினைக்க அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை. இறந்த குழந்தையின் இடத்தில் இன்னொருத்தி பிள்ளையை வைத்து வளர்த்தவர் அல்லவா அவர்!

கிறிஸ்தவர்கள் சொல்வது என்ன?

சிபில் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். தான் செய்ததைப் பெரிய சேவை என்று பறைசாற்றிக்கொண்டவர் அல்லர். கிறிஸ்தவ வேதத்தில் லூக்கா எழுதிய பகுதியில் இயேசு சொன்ன ஒரு கதை இருக்கிறது. நம் கிறிஸ்தவச் சகோதரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். குற்றுயிராய்க் கிடக்கிறான். அந்த வழியே ஒரு குருக்கள் வருகிறார், பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். கோயில் ஊழியம் செய்கிற இன்னொருவர் வருகிறார், அவரும் ஒதுங்கிப் போகிறார். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதருக்கும் சமாரியருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் அவன்தான் நின்றான். காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

இந்தக் கதையில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை பாருங்கள். கடல் பிளக்கவில்லை, செத்தவன் எழுந்திருக்கவில்லை. எண்ணெய், கட்டுத்துணி, இரண்டு காசு, கொஞ்ச நேரம். அவ்வளவுதான் செலவு. கடவுளின் அன்பு எப்படி இருக்கும் என்று காட்ட இயேசு எடுத்துக்கொண்டது ஒரு டிரெஸர் வேலையை!

மத்தேயு எழுதிய பகுதியில் இன்னொரு கதை வருகிறது. கடைசி நாளில் ராஜா நல்லவர்களைக் கூப்பிட்டு, நான் பசித்திருந்தபோது சோறு போட்டீர்கள், நோயாய்க் கிடந்தபோது வந்து பார்த்தீர்கள் என்று புகழ்கிறார். அவர்களோ விழிக்கிறார்கள். உமக்கு நாங்கள் எப்போது செய்தோம் என்று கேட்கிறார்கள். எளியவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார் அவர். நமக்குப் பிடித்தது அந்த விழிப்புதான். செய்தவனுக்குச் செய்தது ஞாபகமே இல்லை. கணக்கு வைக்கவில்லை. கங்காணி செக்ரோலில் பேர் போடுகிற மாதிரி, இன்றைக்கு இத்தனை புண்ணியம் என்று போட்டு வைக்கவில்லை.

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரியன் கொடுப்பதை வாங்கி நம் லயத்து வாசலில் விடுகிறது. மனிதர் ஒருவருக்கொருவர் காட்டும் அன்பும் அப்படித்தான், கடவுளிடமிருந்து வந்து நம்மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் என்கிறார்கள் கிறிஸ்தவர்கள். நம் பெரியவர்களும் அன்பே சிவம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வழி வேறாக இருக்கலாம். வெளிச்சம் விழுகிற வாசல் ஒன்றுதான்.

உரிமைக்குப் பதில் இரக்கமா?

நாம் சங்கத்துக்காரர்கள். ஆகவே இதையும் சொல்லாமல் விட முடியாது. "எல்லாரும் அன்பாய் இருந்துவிட்டால் சங்கம் எதற்கு?" என்று கேட்கிற முதலாளிகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். தீபாவளிக்குத் துரை ஒரு சட்டைத்துணி கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு வருடம் முழுக்கக் கூலியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இது அன்பு அல்ல. வாய்க்குப் போடும் பூட்டு. கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் தர்மம் கொடுப்பது கடனைக் கட்டாமல் மொய் வைப்பது போன்றது.

1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, துரையின் நல்ல மனசை நம்பிப் பிழைக்கிற நிலை போக வேண்டும் என்பதற்குத்தான். 2025ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனதும் யாருடைய கருணையினாலும் அல்ல. அது சட்டம். கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சங்கம் கட்டியவர்கள் எப்படிக் கட்டினார்கள்? வேலைநிறுத்தம் என்றால் ஒரு வீட்டு அரிசி பல வீட்டுக்குப் போனது. ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினால் அவன் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள். தாய்மார்கள் இருட்டோடு பால் வெட்டப் போனபோது, ஆயாக் கொட்டகையில் யார் பெற்ற பிள்ளையோ யார் மடியிலோ தூங்கியது. அந்த அன்பு இல்லாமல் ஒரு கோரிக்கைகூட ஜெயித்திருக்காது. உரிமை என்பது கூரை என்றால், இந்த அன்றாட அன்பு அஸ்திவாரம். கூரையைக் காட்டி அஸ்திவாரத்தை மறந்துவிடக் கூடாது.

இன்று நம் பின்கதவு

இன்று பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இல்லை. மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். லயத்தில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும், புந்தோங்குக்கும், சுங்கை சிப்புட்டுக்கும், கம்பாருக்கும் பிரிந்து போனார்கள். லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் ஐந்தாவது வீட்டில் கஷாயம் கொதித்தது. அடுக்குமாடி வீட்டில் அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. தனியாக இருந்த பெரியவர் இறந்து, வாடை வந்த பிறகு கதவை உடைத்த செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். இது நம் பழக்கமா?

தோட்டங்களில் நாம் இருந்த இடத்தில் இன்று இந்தோனேசியரும், வங்காளதேசிகளும், நேபாளிகளும் இருக்கிறார்கள். "இவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்று பேசுகிறோம். கூலியைக் குறைக்க ஆள் கொண்டுவந்தது அவர்களா? நம் பாட்டனும் இப்படித்தானே கப்பல் ஏறி வந்தான். கடனோடு வந்தான், பாஷை தெரியாமல் நின்றான், காய்ச்சலில் கிடந்தான். அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் யாரோ, அவர்கள் கொடுத்த தண்ணீரில்தான் நாம் இன்றைக்கு இருக்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். செம்பனைக் குலை விழுந்து ஓர் அந்நியத் தொழிலாளிக்குக் கால் முறிந்தால், "சொக்சோ உனக்கும் உண்டு, 2019லிருந்து வெளிநாட்டு ஆளுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு இருக்கு" என்று எடுத்துச் சொல்லுங்கள். சம்பளத்தாளைப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லாத கிழவியை உங்கள் மோட்டார் வண்டியில் ஏற்றிப் போங்கள். தனியாய் இருக்கும் பக்கத்து வீட்டு ஐயாவின் கதவைக் காலையில் ஒரு தடவை தட்டி, "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள். இதில் எதற்கு நாலு காசு வேண்டும்?

இதனால் நம்மை யாரும் மரத்தில் கட்டப் போவதில்லை. சிபில் கொடுத்த விலையை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்பது கால் மணி நேரம். அதைக் கொடுக்கவே நமக்குக் கை வரவில்லை என்றால், ஒருநாள் உண்மையான சோதனை வரும்போது நம் கை என்ன செய்யும்?

அம்மையார் இன்றும் ஈப்போவில்

விடுதலையான சிபிலைச் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். துணிச்சலுக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. சில மாதங்கள்தான் கடந்தன. ஜப்பானியச் சிப்பாயின் பூட்ஸ் காலால் தாடையில் பட்ட பழைய காயம் விஷமாகி, 1948 ஜூன் 12ஆம் தேதி அவர் காலமானார். வயது 48. ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 1949ல் அவர் உடல் ஈப்போவுக்கே திரும்பி வந்தது. செயிண்ட் மைக்கல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் இன்று உறங்குகிறார். தன் அனுபவங்களை அவர் சொல்லிவைத்த புத்தகம் 1954ல் வெளிவந்தது. ஒரு துளி இரக்கமும் இல்லை என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. இரக்கத்தை வாழ்நாளெல்லாம் வாரிக் கொடுத்தவரின் புத்தகத்துக்கு அப்படி ஒரு பெயர்!

ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பாப்பானில் அந்த 74ஆம் எண் வீட்டை ஓர் ஆர்வலர் பொறுப்பெடுத்து நினைவிடமாகப் பராமரித்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வாருங்கள். பழைய கடை வீடுதான், பார்ப்பதற்குப் பிரமாதமாய் ஒன்றும் இருக்காது. "காயம்பட்டு வந்தவனை இங்கேதான் உள்ளே விட்டாங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வந்தவன் என்ன ஜாதி, என்ன மதம் என்று அவர்கள் கேட்டால், அந்த அம்மா அதைக் கேட்கவில்லை என்று பதில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக் கதவு இரண்டு நாளாய்த் திறக்கவில்லையே என்று தோன்றினால், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். போய்த் தட்டுங்கள்.